துப்பாக்கிக் கம்பெனியை வளர்த்த தபால்காரர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களிடம் சேந்த்-எத்தியேன் என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் நான்கு சொற்கள் வரும்: நிலக்கரி, நாடா, ஆயுதம், சைக்கிள். பூகோளப் பாடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பட்டியல் உண்டு. லியோனுக்குப் பட்டு, க்ளெர்மோன்-ஃபெரானுக்கு டயர், லிமோழுக்குப் பீங்கான். காவிரியும் கொள்ளிடமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத வயதில் இதையெல்லாம் மனப்பாடம் செய்தோம். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தப் பட்டியலிலிருந்து ஒரு ஊரை எடுத்து, அங்கே எழுந்து விழுந்த ஒரு கம்பெனியின் கதையை எழுதலாம் என்று தோன்றியது. அதன் பெயர் மானுஃப்ரான்ஸ். செய்தது வேட்டைத் துப்பாக்கி. ஆனால் அதைப் பெரிதாக வளர்த்தது தபால்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். லியோனுக்குத் தென்மேற்கே, மலை சூழ்ந்த இடம். ஃப்யுரான் என்ற சிறிய ஆறு. தண்ணீரின் வேகத்தில் சக்கரம் சுற்றியது, நிலத்துக்கு அடியில் நிலக்கரி இருந்தது. இரும்பைக் காய்ச்சி அடிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? 1764இல் அரசர் அங்கே ராணுவத்துக்கான ஆயுதத் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது புனிதர் பெயர்கள் கூடாது என்று ஊர்ப் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள் அல்லவா, அப்போது இந்த ஊருக்குச் சில காலம் ‘ஆர்ம்வில்’ என்று பெயர். ஆயுத ஊர் என்று பொருள்.

அந்த அரசுத் தொழிற்சாலையைப் பற்றி நம் ஊரில் தெரியாமலே தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் இருந்தார். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு தானாக சைகோனுக்குப் போய்விடும். தான் தூக்கித் திரிந்த துப்பாக்கியை ‘மாஸ் 36’ என்பார். மாஸ் என்பது அந்தத் தொழிற்சாலைப் பெயரின் முதல் எழுத்துகள், 36 என்பது 1936ஆம் ஆண்டு மாதிரி என்பதைக் குறிக்கும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த ஊரின் பெயரை அவர் தோளில் சுமந்துகொண்டு காட்டில் நடந்திருக்கிறார். அதைச் சொன்னபோது, “அது ஒரு ஊரா தம்பி?” என்று கேட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அரசாங்கத் தொழிற்சாலையின் கதை இல்லை. அதே ஊரில் தனியார் கைவேலைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒரு வீட்டில் குழல் செய்வார்கள், இன்னொரு வீட்டில் விசை, மூன்றாவது வீட்டில் மரக்கட்டை. பகல் வெளிச்சம் நன்றாக விழ வேண்டும் என்று உயரமான ஜன்னல் வைத்த பட்டறைகள். வியாபாரி இவற்றையெல்லாம் சேகரித்து ஒரு துப்பாக்கியாக்கி விற்பான். நம் பக்கத்தில் நெசவாளர் வீடுகளும் மொத்த வியாபாரியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் நாடா நெய்கிறவர்களுக்கும் இதே முறைதான்.

இந்தக் கைத்தொழில் எப்படிப் பெரிய கம்பெனியாக மாறியது? அரசு வேலையில் நான் கற்ற ஒரு பாடம் உண்டு. எந்தப் பெரிய மாற்றத்துக்கும் பின்னால் ஐந்தாறு சிறிய உத்தரவுகள் இருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

புரட்சிக்கு முன் பிரான்ஸில் வேட்டை பிரபுக்களின் தனி உரிமை. குடியானவன் தன் வயலை மேய்கிற முயலைக்கூடத் தொடக்கூடாது. 1789இல் அந்த உரிமை ஒழிந்தது. 1844இல் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு முறை வந்தது. காசு கட்டினால் விவசாயியும் சீட்டு வாங்கலாம். 1881இல் ரயில் வழியாகத் தபால் பார்சல் அனுப்பும் வசதி வந்தது. ஆரம்பத்தில் 3 கிலோ வரை. ஓர் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது தற்செயல். 1881, 1882 ஆண்டுகளில் ஜூல் ஃபெரியின் சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. கிராமத்துப் பையன்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள். கடைசியாக, 1885 ஆகஸ்ட் 14 தேதியிட்ட சட்டம் ஆயுதம் செய்வதையும் விற்பதையும் தனியாருக்குத் தாராளமாகத் திறந்துவிட்டது.

வேட்டையாட உரிமை, பொருள் போய்ச்சேர வழி, படிக்கத் தெரிந்த வாடிக்கையாளர், செய்ய அனுமதி. நாலும் சேர்ந்துவிட்டன. அதைக் கண்டுகொள்ள ஆள் வேண்டுமே!

அந்த 1885ஆம் வருடமே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எத்தியேன் மிமார், 1862இல் பிறந்தவர், அப்போது 23 வயது. சான்ஸ் என்ற ஊரில் துப்பாக்கிக் கடைக்காரரின் மகன். மற்றவர் பியேர் ப்ளஷோன், அவரைவிடச் சில வயது மூத்தவர். இருவரும் சேர்ந்து சேந்த்-எத்தியேனில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு துப்பாக்கி வியாபாரத்தை வாங்கினார்கள். மிமாருக்கு இயந்திரத்தில் மூளை, ப்ளஷோனுக்கு வியாபாரத்தில் மூளை என்று சொல்வார்கள். பட்டறை பட்டறையாகச் சிதறிக் கிடந்த வேலையை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, இயந்திரங்களை வைத்துத் துப்பாக்கி செய்வது அவர்கள் திட்டம். 1890களில் கூர் ஃபோரியேல் என்ற அகலமான சாலையில் கட்டத் தொடங்கிய தொழிற்சாலை, பார்ப்பதற்கு அரண்மனை மாதிரி இருக்கும். லமெஸியேர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது.

முதல் வருடமே அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு வியப்பு. ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். ‘லெ ஷாசர் ஃப்ரான்சே’, அதாவது பிரெஞ்சு வேட்டைக்காரன். வேட்டை, மீன்பிடிப்பு, நாய் வளர்ப்பு, தோட்டம் எல்லாம் அதில் வரும், நடுநடுவே கம்பெனிச் சரக்கும் வரும். 1892 முதல் அதில் வரன் தேடும் விளம்பரங்களும் வந்தன. பிரான்ஸ் முழுக்க அந்தப் பத்திரிகையின் பெயர் நிலைத்ததற்குத் துப்பாக்கியைவிடக் கல்யாண விளம்பரமே காரணம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கோ ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் பள்ளி ஆசிரியர், தன் வயது, சம்பளம், குணம் எல்லாவற்றையும் நாலு வரியில் சுருக்கி அனுப்புவார். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பத்தியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பத்திரிகைக்கு அண்ணன் கேட்டலாக். வருடா வருடம் வரும் விலைப்பட்டியல் புத்தகம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் நுணுக்கமாக வரைந்த படம், எண், எடை, விலை. துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் இல்லை. தூண்டில், கூடாரம், தையல் இயந்திரம், தட்டச்சு இயந்திரம், கடிகாரம், சமையல் பாத்திரம், தோட்டக் கருவி எல்லாம் இருக்கும். ‘இரோந்தெல்’ என்ற சைக்கிள் புகழ்பெற்றது. தகைவிலான் குருவி என்று அர்த்தம். குழலைத் துளைத்து இழைக்கத் தெரிந்தவனுக்கு சைக்கிள் சட்டத்தின் குழாயைச் செய்வது எவ்வளவு நேரம்? அதனால்தான் கம்பெனியின் முழுப் பெயரிலேயே ஆயுதமும் சைக்கிளும் ஜோடியாக நின்றன. மானுஃப்ரான்ஸ் என்பது பின்னால் சுருங்கி வந்த பெயர்.

கடிதம் எழுதினால் சரக்கு வரும். நம்மூர் வி.பி.பி. மாதிரி, பார்சலை வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் ஏற்பாடும் உண்டு. பிரான்ஸில் மட்டுமல்ல, அதன் காலனிகளுக்கும் கேட்டலாக் போனது. கடையே இல்லாத ஊரில் இருக்கிறவனுக்கு அந்தப் புத்தகம்தான் கடைத்தெரு. குளிர்கால இரவில் குடும்பமே அதைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், குழந்தைகள் அதில் படம் பார்த்தே வளர்ந்தார்கள் என்று அந்தத் தலைமுறைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, துப்பாக்கி எப்படி? அதையும் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கிகளில் சுத்தியல் வெளியே காது போல நீட்டிக்கொண்டிருக்கும். புதரில் மாட்டும், கை தவறினால் ஆபத்து. 1887இல் மிமார் கொண்டுவந்த ‘இதேயால்’ என்ற இரட்டைக் குழல் துப்பாக்கியில் சுத்தியல் உள்ளே மறைந்திருந்தது. விலை கொஞ்சம் கூடுதல், வசதிக்காரர்களுக்கு. 1913இல் ‘ரொபுஸ்ட்’ வந்தது. பெயரே சொல்கிறது, முரட்டு உழைப்புக்கானது. அலங்காரம் குறைவு, பழுது குறைவு, விலையும் குறைவு. குடியானவன், ரயில்வே ஊழியர், தபால்காரர் எல்லோரும் வாங்கியது இதைத்தான். அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று போகும்.

இந்த நம்பிக்கை வெறும் விளம்பரத்தால் வந்ததில்லை. அந்த ஊரில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையம் உண்டு. சாதாரணத் தோட்டாவில் இருப்பதைவிடக் கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல், விரியாமல் நின்றால்தான் முத்திரை. முகம் தெரியாத ஒருவனிடம், ஊர் தெரியாத ஓர் இடத்துக்குப் பணம் அனுப்பி, முகத்துக்கு நேரே வைத்துச் சுடப்போகும் ஒரு பொருளை வாங்குகிறோம் என்றால் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். துணி சாயம் போனால் திட்டிவிட்டுப் போகலாம். துப்பாக்கிக் குழல் வெடித்தால் திட்டுவதற்கு ஆள் இருக்காது.

நான் வேலைபார்த்த காலத்தில், உரிமம் சம்பந்தமான கோப்புகள் சில என் மேஜைக்கு வந்ததுண்டு. தயாரிப்பு என்ற கட்டத்தில் யாரோ ஒரு குமாஸ்தா வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பார். ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியின் கோப்பில் செயின்ட் ஸ்டீபன் கம்பெனி என்று இருந்தது! பாவம், அவர் மொழிபெயர்த்திருக்கிறார். எத்தியேன் என்பதும் ஸ்டீபன் என்பதும் ஒரே பெயர்தானே. திருத்தி எழுதினால் எண்ணும் பெயரும் பொருந்தவில்லை என்று வேறு சிக்கல் வரும் என்பதால், ஓரத்தில் பென்சிலால் ஊர்ப் பெயரை எழுதி வைத்தேன். பள்ளியில் கற்ற அந்த நாலு சொல் பட்டியல் அரசாங்க வேலையில் எனக்குப் பயன்பட்ட ஒரே தருணம் அதுதான்.

கம்பெனிக் கதைக்குத் திரும்புவோம். 1914இல் ப்ளஷோன் இறந்துபோனார். மிமார் தனியாகத் தொடர்ந்தார். திறமைசாலி, உழைப்பாளி, ஆனால் கண்டிப்பான முதலாளி. தொழிற்சங்கம் என்றாலே ஆகாது. 1937இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகளைத் தன் குடும்பம் என்று அவர் நினைத்திருக்கலாம். குடும்பத் தலைவர் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்றும் நினைத்தார். பிறகு உலகப் போர், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு. 1944 மே 26இல் அமெரிக்க விமானங்கள் ஊர்மேல் குண்டு போட்டன. ரயில் பாதைகளுக்கு வைத்த குறி, செத்தது பெரும்பாலும் ஊர் மக்கள். அதே 1944இல் மிமாரும் காலமானார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. உயிலில் தன் பங்குகளை ஊருக்கும், கம்பெனி ஊழியர்களுக்கும் எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் தொழிலாளியோடு மல்லுக்கட்டிய மனிதர், கடைசியில் ஊரையும் தொழிலாளியையுமே வாரிசாக்கிவிட்டுப் போனார். இதை என்னவென்று சொல்வது? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் பின்னால் வந்த சிக்கல்களிலும் இந்த உயிலுக்குப் பங்கு உண்டு. நிலத்தை எழுதி வைத்தால் அது அங்கேயே கிடக்கும். மாட்டை எழுதி வைத்தால் தினமும் தீனி போட ஒருவன் வேண்டும். கம்பெனி மாடு மாதிரி.

போருக்குப் பின் இருபது வருடம் நன்றாகவே ஓடியது. 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். கால்பந்து ரசிகர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். அந்தக் காலத்தில் சேந்த்-எத்தியேன் அணியின் பச்சைச் சட்டையில் மார்புக்கு நேரே எழுதியிருந்த பெயர் மானுஃப்ரான்ஸ். 1976இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய், கிளாஸ்கோவில் பாயர்ன் மியூனிக்கிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. தோற்ற அணிக்குப் பாரிஸில் ஊர்வலம் வைத்து வரவேற்பு கொடுத்தார்கள். நம் கோரிமேடு பக்கம் பந்து விளையாடிய பையன்களுக்குக்கூட அந்தப் பச்சைச் சட்டை தெரியும்.

சட்டையில் பெயர் மின்னிய அந்த வருடங்களிலேயே உள்ளே கரையான் அரித்துக்கொண்டிருந்தது. கிராமத்து மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். எல்லோர் வீட்டிலும் கார் வந்தது. காரில் ஏறிப் பெரிய அங்காடிக்குப் போனால் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து அன்றே வாங்கலாம். அப்படிப் பல அங்காடிகளைத் திறந்த காசினோ கம்பெனியும் அதே சேந்த்-எத்தியேனில் 1898இல் பிறந்ததுதான். ஒரே ஊர்த் தண்ணீர் குடித்த இரண்டு பிள்ளைகள். ஒன்று கடிதத்தை நம்பியது, இன்னொன்று கடையை நம்பியது. தபால் வியாபாரத்திலும் துணிமணி விற்ற புதிய கம்பெனிகள் முந்திக்கொண்டன. துப்பாக்கி, சைக்கிள், தையல் இயந்திரம் என்று எல்லாவற்றையும் தானே செய்து தானே விற்கும் பழைய முறைக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை.

1977இல் ஊராட்சித் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர் மேயரானார். மிமாரின் உயிலால் மாநகராட்சி கம்பெனியின் பெரிய பங்குதாரர். ஆக, முதலாளித்துவக் கம்பெனி ஒன்றின் பங்குகள் கம்யூனிஸ்ட் மேயர் கையில். பாரிஸில் இருந்த அரசோ எதிர்முகாம். வங்கிகள் பணம் தரத் தயங்கின. ஆட்குறைப்பு, மறியல், ஊர்வலம், மானுஃப்ரான்ஸ் வாழும் என்று எழுதிய பதாகைகள். 1980இல் கம்பெனி முறிந்தது. விடாமல் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். தொழிற்சாலையைக் காவல் காத்தார்கள், துப்பாக்கியும் செய்தார்கள். 1985இல் அதுவும் மூடப்பட்டது. சரியாக நூறு வருடம். மில் சங்கு ஓய்ந்துபோன ஊரில் வாழும் நமக்கு, அந்த ஊர் வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அரசுத் தொழிற்சாலையும் தப்பவில்லை. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபமாஸ் துப்பாக்கியைச் செய்து கொடுத்த பிறகு அதுவும் மூடப்பட்டது. ஃபமாஸ் என்ற பெயரின் கடைசி மூன்று எழுத்தும் எங்கள் சொல்தா சொன்ன அதே ‘மாஸ்’தான். நான்கு சொல் பட்டியலில் நிலக்கரிச் சுரங்கம் முதலில் போனது, மற்றவையும் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. இன்று அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நாடாவும் ஆயுதமும் சைக்கிளும் தனித்தனிப் பிரிவில் இருக்கின்றன. எங்கள் பூகோளப் பாடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது மாதிரி.

யார் கொன்றார்கள் இந்தக் கம்பெனியை? இடதுசாரிகள் வங்கியையும் அரசையும் சொல்வார்கள், வலதுசாரிகள் தொழிற்சங்கத்தைச் சொல்வார்கள். என் கருத்து வேறு. தபால், ரயில், பள்ளிக்கூடம், அனுமதிச் சீட்டு என்று காலம் கொடுத்த நாலு படிக்கட்டில் மிமார் ஏறினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் படிக்கட்டு கார், அங்காடி என்று வேறு பக்கம் திரும்பிவிட்டதைக் கவனிக்கவில்லை. பங்குக்கு உரிமையாளர்கள் பலர் இருந்தார்கள். கேட்டலாக்கை அடுத்த வருடம் எப்படி அச்சடிப்பது என்று இரவு தூங்காமல் யோசிக்க ஒருவர் இல்லை. உயிலில் பங்கை எழுதலாம், அந்தத் தூக்கமின்மையை எழுத முடியாது.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. ‘லெ ஷாசர் ஃப்ரான்சே’ கைமாறி இன்றும் வெளிவருகிறது. சோதனை நிலையம் இன்றும் முத்திரை குத்துகிறது. 2022 நவம்பர் இறுதியில் பிரெஞ்சு அரசு ஒரு வாரத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தது. தாத்தா வழியாக வந்த, பதிவு செய்யாத பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால், கேள்வி இல்லாமல் கொண்டுவந்து ஒப்படைக்கலாம், அல்லது பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பரணிலிருந்தும் அலமாரிக்குப் பின்னாலிருந்தும் மக்கள் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். மானுஃப்ரான்ஸ் மூடி முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கிறேன். துணியைப் பிரித்து, குழலில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முத்திரையைத் தேடி, தயாரிப்பு என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதியிருப்பார். அவருக்காவது எழுத்துப் பிழை வந்திருக்காது.